ஆணிக்காரியின் எலும்பு

ஆணிக்காரியின் வாயில் ஒரே நேரத்தில் எத்தனை ஆணி நிற்கும் என்று அந்தத் தெருவில் பந்தயம் கட்டியவர்கள் உண்டு. யாரும் ஜெயித்ததில்லை. அவள் வாயைத் திறந்து காட்டியதே இல்லை. குஷன் கடை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சோபா விளிம்பில் துணியை இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, காந்தச் சுத்தியலை உதட்டருகே கொண்டுபோவாள். அதற்குள் நாக்கு ஓர் ஆணியைத் திருப்பி, தலைப்பக்கம் வெளியே தெரியும்படி முன்பல்லில் நிறுத்தியிருக்கும். சுத்தியல் அதை ஒட்டி எடுத்துக்கொள்ளும். ஒரு தட்டில் ஆணி நிற்கும், அடுத்த தட்டில் இறங்கிவிடும். வாய் காலியானதும் பார்க்காமலே உள்ளங்கையை நீட்டுவாள். வெட்டும் மேஜையருகே நிற்கும் அவள் கணவர், அவரும் பார்க்காமலே, டப்பாவிலிருந்து ஒரு பிடி ஆணியை அந்தக் கையில் போடுவார். கல்யாணமான புதிதிலேயே வந்துவிட்ட பழக்கம். இருவருக்கும் இடையில் சண்டை நடந்துகொண்டிருக்கும் நாட்களில்கூட அந்தக் கை நீளும், ஆணி விழும்.

அவளுடைய மூன்று முன்பற்கள் போனது ஆணியால் அல்ல.

அது வீட்டு சோபா. ஊருக்கெல்லாம் சோபா செய்கிறவர்கள் வீட்டில் நாற்காலிகூட உருப்படியாக இல்லை என்று அவள்தான் பிடிவாதம் பிடித்து, கூடத்தில் மரச்சட்டத்தைப் போட்டு வேலையை ஆரம்பித்தாள். சுருள் ஸ்பிரிங்கை ஒருவர் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடிக்க வேண்டும், மற்றவர் குனிந்து அதைக் கயிற்றால் கட்ட வேண்டும். கணவர் அமுக்கியிருந்தார், அவள் குனிந்திருந்தாள். ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா அடுக்களையிலிருந்து, "டேய், இங்க ஒரு நிமிஷம் வாயேன்" என்று கூப்பிட்டாள். அவர் கையை எடுத்தார்.

டாக்டரிடம், "ஸ்பிரிங் தெறிச்சிருச்சு" என்றார். பக்கத்து வீடுகளில் அதையே சொன்னார். கொஞ்ச நாள் கழித்து அவளிடமும் அதையே சொன்னார். சொல்லிச் சொல்லி அது அப்படித்தான் நடந்தது என்று ஆகிவிட்டது. ஸ்பிரிங்குக்கு ஏதோ கோபம் வந்து, அதுவாகவே எழுந்து அவள் வாயில் அடித்ததுபோல. சோபா பாதியில் நின்றது. மேலே ஒரு மெத்தையைப் போட்டு மூடி, அதில் அக்காக்காரி உட்கார்ந்துகொண்டாள்.

ஆணிக்காரிக்கு ரோஸ் நிறத் தகட்டில் மூன்று பல் வைத்த, கழட்டி மாட்டுகிற பல்செட்டு ஒன்று கிடைத்தது. இப்போதைக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அந்த இப்போதைக்கு நீண்டுகொண்டே போனது. அக்காக்காரியின் கணவர் இறந்து, அவள் மகளுடன் இங்கேயே வந்துவிட்டாள். பிறகு கடையை வேறு தெருவுக்கு மாற்றினார்கள். பிறகு அந்த மகளின் படிப்பு. ஒவ்வொரு முறையும் "உனக்குத்தான் செட்டு இருக்கே" என்றார்கள். அவளும் கையால் வாயை மறைத்துச் சிரிக்கப் பழகிக்கொண்டாள். செட்டை நாக்கால் மேலே தாங்கியபடியே ஆணியை உருட்டவும் கற்றுக்கொண்டாள்.

ஒருநாள் செட்டு நிற்கவில்லை. வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மூன்று பல்லும் அத்தனை ஆணியும் சேர்ந்து அவருடைய புதுத் துணிமேல் விழுந்தன. அவர் சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை, சிரிப்பு வந்துவிட்டது. கணவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆணிக்காரி பல்லைப் பொறுக்கிப் பையில் போட்டாள், சுத்தியலைக் கீழே வைத்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு நேரே பல் ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். அவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு பின்னாலேயே ஓடினார்.

பல் டாக்டர் சுருக்கமாகப் பேசுகிற பெண். திரையில் படத்தைக் காட்டினாள்.

"இங்க பாருங்க. எலும்பு கத்தி முனை மாதிரி ஆயிருச்சு. நிரந்தரப் பல்லு வேணும்னா உள்ள ஸ்க்ரூ போடணும். ஸ்க்ரூவைச் சுத்தி எலும்பு இருக்கணும். இதுல எங்க போடறது?"

"இருந்த எலும்பு எங்க போச்சு?"

"கரைஞ்சிருச்சு. பல்லு இருந்தாதான் அந்த எலும்புக்கு வேலை. பல்லு போயிட்டா, இதுக்கு இனிமே வேலையில்லன்னு உடம்பே கரைச்சிரும். அதுக்கு மேல உங்க செட்டு வேற உக்காந்து அழுத்தியிருக்கு."

"வேலையில்லாததெல்லாம் கரையும்னா எங்க வீட்டுல ரெண்டு பேர் இந்நேரம் இருக்கவே மாட்டாங்களே டாக்டர்."

டாக்டர் சிரித்துவிட்டாள். கணவர் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார்.

"ஏன் இத்தனை வருஷம் விட்டீங்க? அப்பவே வந்திருந்தா இவ்வளவு வேலையே இல்ல."

ஆணிக்காரி கணவர் பக்கம் திரும்பினாள். "கேக்கறாங்கல்ல. சொல்லுங்க."

"அது ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துக்கிட்டே இருந்துச்சு டாக்டர். அந்த ஸ்பிரிங் தெறிச்சதுலேர்ந்தே..."

"அவர் சொல்ல மாட்டார்" என்றாள் ஆணிக்காரி. "இப்ப எலும்பைத் திரும்பக் கொண்டுவர முடியுமா, முடியாதா?"

முடியும் என்றாள் டாக்டர். கீழ்த்தாடையின் பின்புறத்திலிருந்து நகத்தளவு எலும்பை வெட்டியெடுத்து, மேல்வரிசையில் முன்னால் மெலிந்துபோன இடத்தில் இரண்டு குட்டி ஸ்க்ரூவால் பொருத்த வேண்டும். இடுக்குகளில் சர்க்கரை மாதிரி எலும்புத் தூளை நிரப்பி, மேலே மெல்லிய தோல்போல ஒன்றைப் போர்த்தி, ஈறை இழுத்துத் தைத்துவிட வேண்டும். பிறகு மாதக்கணக்கில் காத்திருப்பு. அது தாடையோடு ஒன்றாகிவிட்டால் பல்.

"அடிப்பக்கத்துத் துணியை வெட்டி முன்பக்கம் ஒட்டுப் போடற மாதிரி" என்றாள் ஆணிக்காரி.

"அதேதான். ஆனா ஒண்ணு. நான் சொல்ற வரைக்கும் செட்டை மாட்டவே கூடாது. அழுத்தினா உள்ள வெச்சது செத்துரும். ஒரு போட்டோதானே, ஒரு விசேஷம்தானேன்னு எடுத்து மாட்டினீங்கன்னா அவ்வளவுதான், எங்கிட்ட வந்து அழாதீங்க."

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. தகரக் கூரையில் விடாமல் இரைச்சல். கடையில் பசை காயவில்லை, ஸ்பாஞ்சு முழுக்க ஈர வாடை, டப்பாவில் ஆணிகள் துருப்பிடிக்கத் தொடங்கின. ஆணிக்காரி கூடத்து மூலையில் தலையணையை உயர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தாள். முகம் ஒரு பக்கம் வீங்கி, கண்ணின் கீழே மஞ்சள் படர்ந்திருந்தது. அக்காக்காரியின் மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பெண். காலையில் போவதற்கு முன் உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, ஆறவிட்டு, பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள்.

"அத்தை, உங்க கன்னத்துக்கு எத்தனை இஞ்ச் ஸ்பாஞ்சு வெச்சாங்க?"

"சிரிக்க வைக்காதடி. தையல் விட்டுப்போச்சுன்னா உன்னைத்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவேன்."

அந்தப் பெண் தன்னோடு வேலை பார்க்கிற ஒருவனை விரும்பினாள். அவனுடைய அப்பா அம்மா வீட்டுக்கு வந்து பேசுவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்றே அக்காக்காரி ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, செட்டை அதில் போட்டு, ஆணிக்காரியின் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்தாள்.

"இது எதுக்கு அண்ணி?"

"வர்ற ஞாயித்துக்கிழமை அவங்க வர்றாங்க. ஒரு மணி நேரம். டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பிருவாங்க. அது வரைக்கும் மாட்டிக்கிட்டு நில்லு."

"டாக்டர் மாட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"டாக்டருங்க எல்லாத்தையும்தான் கூடாதும்பாங்க. இத்தனை வருஷம் மாட்டிக்கிட்டுதானே இருந்தே? ஒரு மணி நேரத்துல என்ன ஆயிரும்?"

"வெச்ச எலும்பு செத்துரும்."

"எலும்பு சாகுதாம். நல்லாருக்கு கதை. ஏம்மா, என் பொண்ணு வாழ்க்கைடி இது. நீ பொக்கை வாயோட வந்து நின்னா அவங்க என்ன நெனைப்பாங்க? என் தம்பி அடிச்சு ஒடச்சிட்டான்னு நெனைக்க மாட்டாங்க? பொம்பளையை அடிக்கற வீட்டுல யாராவது சம்பந்தம் வெச்சுப்பாங்களா?"

ஆணிக்காரி எழுந்து உட்கார்ந்தாள். உதடு மரத்துப்போயிருந்ததால் மெதுவாகத்தான் பேச முடிந்தது. மெதுவாகப் பேசியதால் ஒவ்வொரு சொல்லும் கூடத்தில் நன்றாகவே கேட்டது.

"உங்க தம்பி அடிச்சு ஒடச்சிருந்தா ஒரு நாளாவது மன்னிப்புக் கேட்டிருப்பார் அண்ணி. அடிக்கலங்கறதுனாலதான் இன்னி வரைக்கும் கேக்கல."

வாசலில் குடையை உதறிக்கொண்டிருந்த கணவர், "ரெண்டு பேரும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியத்தை அவர் இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட முடித்ததில்லை.

"நீ சொல்லுடா அவகிட்ட" என்றாள் அக்காக்காரி. "மாட்ட முடியாதுன்னா உள்ள படுத்துக்கட்டும். காய்ச்சல்னு சொல்லிக்கறேன். அப்புறம் அந்த சோபாவையும் முடிச்சிரு. குஷன்காரன் வீட்டுல வந்தவங்களை மெத்தையைப் போட்டா உக்கார வைப்பாங்க?"

"என் வீட்டுல நான் ஒளிஞ்சுக்கணுமா?" என்று ஆணிக்காரி கேட்டாள். மழை மட்டும் சத்தம் போட்டது.

சோபா வேலையை அவர் தனியாகத்தான் தொடங்கினார். மெத்தையை எடுத்தார். பழைய நாரைப் பிய்த்துக் கொட்டினார். ஸ்பிரிங்குகளை மறுபடி கட்டி, அவற்றின் மேல் நாடாப் பட்டையை இழுத்து, ஸ்பாஞ்சு பரப்பினார். துணி பச்சையில் வந்தது. ஆனால் ஆணியடிப்பது அவருக்கு வராது. பழைய மரத்தில் ஸ்டேப்ளர் பின் நிற்காது, பிளந்துகொண்டு வரும், ஆணிதான் ஆக வேண்டும். விரலால் ஒவ்வொன்றாக எடுத்து, நிறுத்தி, அடித்து, வளைத்து, பிடுங்கி, மறுபடி அடித்தார். துணி ஓரத்தில் சுருக்கம் சுருக்கமாக விழுந்தது. ஆணிக்காரி தலையணையில் சாய்ந்தபடி ஒவ்வொரு கோணல் தட்டையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தாங்க முடியவில்லை.

"மூலையை மடிக்காம அடிக்கறீங்க. தள்ளுங்க."

"நீ படு."

"அந்த ஒரு மூலை மட்டும். குடுங்க சுத்தியலை."

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். துணியின் மூலையை உறைபோல மடித்து, கட்டைவிரலால் அமுக்கி இழுத்தாள். சுருக்கம் மறைந்தது. பல நாளைக்குப் பிறகு கையில் சுத்தியலின் கனம். கூடத்தில் மழை வெளிச்சம், புதுத் துணியின் வாசனை. இடது உள்ளங்கை நீண்டது. அவர் ஸ்பாஞ்சை வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. டப்பாவில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து அந்தக் கையில் போட்டார். கை வாய்க்குப் போனது.

நாக்கு முதல் ஆணியைத் திருப்பி மேலே தள்ளியது. அங்கே பல் இல்லை.

அவள் கத்தவில்லை. ஆணிகளைத் தரையில் துப்பினாள். கூடவே ரத்தம் வந்தது. ரத்தத்தில் வெள்ளையாக, ஈரச் சர்க்கரைபோலச் சில துகள்கள். அவற்றை விரல் நுனியில் ஒட்டி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"எலும்பு" என்றாள்.

அவர் கத்தரிக்கோலோடு அப்படியே நின்றார்.

டாக்டர் விளக்கைச் சாய்த்து உள்ளே பார்த்துவிட்டு, "நீங்களா போட்டுக்கிட்டீங்களா, அவர் போட்டாரா?" என்றாள்.

"அவர் கையில போட்டார். நான் வாயில போட்டேன்."

"உங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு ஆளை வேலைக்கு வெக்கணும்." கழுவி, மறுபடி தைத்தாள். "நடுவுல வெச்சது அசையல. அந்த ஓரம்தான் திறந்திருக்கு. அது பிடிக்குமா பிடிக்காதான்னு இப்ப சொல்ல முடியாது. இன்னொரு தடவை எதாவது பட்டுச்சுன்னா மொத்தமும் போயிரும். மறுபடி வெட்டி எடுக்க உங்க தாடையில அவ்வளவு எடம் இல்ல."

பஸ்ஸில் ஜன்னலை மூட முடியவில்லை. சாரல் அடித்தது. அவர் அவள் பக்கமாகக் குடையைச் சாய்த்தார்.

"டீ குடிக்கறியா?"

"சூடா குடிக்கக் கூடாது."

"நான் கவனிக்கல. கை தானாப் போயிருச்சு."

"தானா" என்றாள் அவள். இறங்கும் வரை வேறு எதுவும் பேசவில்லை. பேசினால் தையல் இழுக்கும். பேசாததும் இழுத்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைக் கழற்றப் போனார். அவள் ஆணி டப்பாவைக் கழுவித் துடைத்து, புதுப் பொட்டலத்தைப் பிரித்து அதில் கொட்டினாள். ஒரு பிடி எடுத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"வாயத் திற."

கல்யாணமான நாள் முதல் அவள் அவரை நீங்க என்றுதான் சொல்லியிருக்கிறாள், சண்டையில்கூட. அவர் முகம் ஆணியைவிட அந்தச் சொல்லுக்குத்தான் முதலில் வெளுத்தது.

"எனக்குப் பழக்கமில்லடி. முழுங்கிட்டா?"

"உனக்குத்தான் முப்பத்திரண்டும் அப்படியே இருக்கே. திற."

அவர் திறந்தார். இரும்பின் கசப்பில் முகம் கோணியது, கடைவாயில் எச்சில் வழிந்தது. "நாக்கைத் திருப்பு. தலை வெளிய வரணும். அப்படியில்ல, கூர் உள்ள பாக்கணும். ம்." முதல் ஆணிக்கு வெகுநேரம் ஆனது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து மூலைகளை மடித்து மடித்துக் கொடுத்தாள். உதட்டிலிருந்து சுத்தியலுக்கு, சுத்தியலிலிருந்து மரத்துக்கு. அவருடைய உதடு இரண்டு இடத்தில் கிழிந்தது. அவள் அதைப் பார்த்தாள். நிறுத்தச் சொல்லவில்லை.

அக்காக்காரி டீயோடு வந்தாள். "டேய், அவகிட்டப் பேசினியா? ஞாயித்துக்கிழமை மாட்டிக்குவாளா மாட்டாளா?"

அவர் வாய் நிறைய ஆணியோடு நிமிர்ந்து பார்த்தார்.

"வாயைத் திறந்து சொல்லேண்டா!"

"திறந்தா கொட்டிரும் அண்ணி" என்றாள் ஆணிக்காரி. "என்னையும் இத்தனை வருஷம் இப்படித்தான் பேச விட்டீங்க. பழகிக்குங்க."

அக்காக்காரி டீயை ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள். கடைசியாக உட்காரும் இடத்தின் துணி மட்டும் மூட வேண்டியிருந்தது. ஆணிக்காரி எழுந்துபோய், தலைமாட்டிலிருந்த டம்ளரை எடுத்தாள். தண்ணீரை ஜன்னல் வழியே மழையில் கொட்டினாள். செட்டைப் பழந்துணியில் துடைத்து, பட்டைக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவில், அன்று தெறித்த அந்தப் பழைய ஸ்பிரிங் இருந்த மூலையில், பற்கள் மேலே பார்க்கும்படி வைத்தாள்.

"ம்ம்! ம்ம்ம்!" என்றார் கணவர்.

"முழுங்கிராதீங்க" என்றாள். "ஆணியை அடிங்க."

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஈரக் காலைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். அப்பா மெலிந்த மனிதர், அம்மா கனத்த உடம்பு. பச்சை சோபாவில் இருவரும் உட்கார்ந்தார்கள். "அடேயப்பா, உள்ள இழுத்துக்குதே" என்று அந்த அம்மா கையால் தட்டிப் பார்த்தாள். அடுக்களையில் அக்காக்காரி அலமாரிகளைத் திறந்து திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. காலி டம்ளர் கையிலிருந்தது, செட்டைத்தான் காணோம். அவள் அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஆணிக்காரி பிஸ்கட் தட்டோடு கூடத்துக்கு வந்து, வாயை மூடாமல், "வாங்க" என்றாள்.

வந்தவர்கள் பார்த்தார்கள். பிறகு பார்க்காததுபோலத் தட்டைப் பார்த்தார்கள். அக்காக்காரி ஓடிவந்தாள்.

"அவளுக்குக் காய்ச்சல். நீ போய்ப் படும்மா."

"காய்ச்சல் இல்ல" என்றாள் ஆணிக்காரி. "பல்லு இல்ல."

"ஐயோ, என்னாச்சும்மா?" என்றாள் அந்த அம்மா. அவள் கண் தன்னிச்சையாக ஆணிக்காரியின் கணவர் பக்கம் போனது, அவருடைய கிழிந்த உதட்டில் நின்றது.

"ஸ்பிரிங் தெறிச்சிருச்சு" என்றார் அவர். பழகிய வாக்கியம். அவருடைய மற்ற வாக்கியங்களைப்போல இல்லாமல் இது எப்போதும் முழுதாக வந்துவிடும்.

"ஸ்பிரிங் தானா தெறிக்காதும்மா. ஒருத்தர் அமுக்கிப் பிடிச்சிருப்பார். இவர்தான் பிடிச்சிருந்தார். நான் குனிஞ்சு கட்டிக்கிட்டிருந்தேன். இவங்க உள்ளேயிருந்து கூப்பிட்டாங்க. இவர் கையை விட்டுட்டுப் போயிட்டார். அப்புறம் நல்ல பல்லு வெக்க என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு மட்டும் இந்த வீட்டுல யாருக்கும் கை ஒழியல. எலும்பு முழுக்கக் கரைஞ்சிருச்சு. இப்ப என் எலும்பையே வெட்டி, அதை நட்டு வளத்துக்கிட்டிருக்கேன். அதுக்கு மேல பொய்ப்பல்லை மாட்டக் கூடாது. அதனாலதான் இப்படி நிக்கறேன்."

அக்காக்காரியின் மகள் வாசற்படியில் நின்று கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா முன்னால் சாய்ந்தாள். "எலும்பு வளருமா? நிஜமாவா? எனக்குக் கீழ்வரிசை பூரா செட்டுதாம்மா. பேசினாலே ஆடுது." கன்னத்தை உறிஞ்சி ஒரு 'டக்' சத்தம் எழுப்பிக் காட்டினாள். "எந்த டாக்டர்? வலிச்சுதா?"

அதன் பிறகு பெண்ணைப் பற்றிப் பேச்சு வர வெகுநேரம் ஆனது. வந்தபோது நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் ஆணிக்காரிக்கு அதில் சமாதானம் ஏற்பட்டது என்று சொல்ல முடியாது. கணவர் அன்று இரண்டு முறை அவள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். இரண்டு முறையும், "இன்னும் டீ வேணுமா?" என்றுதான் கேட்டார்.

மாதங்கள் கழித்து டாக்டர் ஈறைத் திறந்தாள். நடுவிலும் இடது பக்கமும் எலும்பு கெட்டியாகப் பிடித்திருந்தது. ஆணி பட்ட ஓரம் மட்டும் பிடிக்கவில்லை. இரண்டு ஸ்க்ரூ போட்டு மூன்று பல்லைத் தாங்க வைக்கலாம், பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்றாள். "எனக்குத் தெரியும்" என்றாள் ஆணிக்காரி. பல் வந்த பிறகும் அந்த ஓரத்தை நாக்கு தினமும் போய்த் தொட்டுப் பார்த்தது.

"ஆனா இந்தப் பல்லுல ஆணி கடிக்கக் கூடாது" என்றாள் டாக்டர்.

"அதுக்கு வேற வாய் இருக்கு."

இப்போது கடை வாசலில் குத்துக்காலிட்டு உட்காருகிறவர் அவர். உள்ளங்கை நீளும், அவள் பார்த்துத்தான் ஆணியைப் போடுவாள். மாலையில் வீட்டுக்கு வந்தால் அக்காக்காரி பச்சை சோபாவின் அதே மூலையில் சாய்ந்திருப்பாள். ஸ்பாஞ்சு கொஞ்சம் அமுங்கத் தொடங்கியிருந்தது.

"டேய், இந்த எடத்துல என்னமோ உறுத்துதுடா" என்றாள் ஒருநாள், இடுப்பை நகர்த்திக்கொண்டே. "கடிக்கற மாதிரி இருக்கு. என்னன்னு பாரேன்."

அவர் ஆணிக்காரியைப் பார்த்தார். வாய் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் பேசவில்லை.

ஆணிக்காரி ஒரு பிஸ்கட்டை எடுத்து, முன்பல்லால் நறுக்கென்று கடித்தாள்.

"ஸ்பிரிங்கா இருக்கும் அண்ணி" என்றாள். "தானா தெறிச்சிருக்கும்."